பேண்ட் பையில் பழக்கறை

அந்த வீட்டில் வாழைப்பழம் நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது லாண்டரியம்மாவின் வாய்.

மற்ற எல்லா இடத்திலும் நுழைந்தாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் கூடை நிறையப் பழம். ஜன்னல் கம்பியில் தொங்கும் சீப்பு. ஃப்ரிட்ஜைத் திறந்தால், ஐஸ்கட்டி இருக்க வேண்டிய இடத்தில் வட்ட வட்டமாக நறுக்கி உறைய வைத்த பழத்துண்டுகள். பூந்தொட்டி மண்ணுக்குள் தோல். குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் மசித்த பழம் ஒரு கிண்ணம். அது தலைக்கா முகத்துக்கா என்று கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அரை நாள் போய்விடும்.

எல்லாம் அவள் கணவரின் கைங்கரியம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். கீழே லாண்டரி, மேலே வீடு. லாண்டரி அவளுடையது; கல்யாணமான புதிதில் ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டியோடு தொடங்கி, நீராவி மேசையும் துணி மாட்டும் நீளக் கம்பியுமாக அவள் தனியாளாக வளர்த்தது. அதில் அவர் பங்கு எதுவும் கிடையாது என்று சொல்ல முடியாது. வருகிற வாடிக்கையாளர்களை நிற்கவைத்து வாழைப்பழத்தின் மகிமையைச் சொல்லி அனுப்புவது அவர்தான்.

"கோட்டு ரெடியா?" என்று கேட்டு ஒருவர் வருவார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

"ரெடிதான். உக்காருங்க. முகம் வாடியிருக்கே, காலையில என்ன சாப்பிட்டீங்க? ஒண்ணும் இல்லையா? ஒரே ஒரு பழம் தின்னுட்டுக் கிளம்பியிருந்தா இப்படி இருக்குமா? வேற எதைத் தின்னாலும் கழுவணும், வெட்டணும், வேக வைக்கணும். இதுக்கு உறை கூட அதோடவே வருது."

வந்தவர் பாவம், கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டும் போக முடியாமல் நிற்பார். உள்ளே நீராவி மேசையில் நிற்கும் லாண்டரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் ஓட்டிய காலத்தில் ஒருநாள், சரிவான சாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. கால் பிரேக்கின் மேல் இருக்கிறது. ஆனால் அழுத்த முடியவில்லை. இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்து மிதித்து, எப்படியோ ஓரமாக நிறுத்தினார். பின்னால் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியவே தெரியாது. ஏன் நிறுத்தினாய் என்று திட்டினார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து இரண்டு பழத்தை எடுத்துக் கொடுத்து, "சாப்பிடுப்பா, வேர்வையில சத்தெல்லாம் போயிருக்கும்" என்றாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது பையில் பழம். கால் மறுபடி இழுக்கவில்லை. பழத்தால்தான் இழுக்கவில்லையா, தண்ணீர் கூடக் குடிக்க ஆரம்பித்ததாலா என்று யாரும் ஆராயவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை.

அத்தோடு நின்றிருந்தால் லாண்டரியம்மா வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஓய்வு பெற்ற பிறகுதான் மனுஷன் முழுநேரமாக இறங்கினார். வயிறு இறுகினால் நன்றாகக் கனிந்த பழம். வயிறு இளகினால் பாதிப் பழுத்த பழம். "ஒரே பழம் எப்படிங்க கதவைத் திறக்கவும் செய்யும், சாத்தவும் செய்யும்?" என்று அவள் கேட்டால், "அதான் அதோட அருமை" என்பார். நெஞ்செரிச்சலுக்குப் பழம். தூக்கம் வராவிட்டால் பழம். கொசு கடித்த இடத்தில் தோலின் உள்பக்கத்தை வைத்துத் தேய்ப்பது. அதே தோலால் செருப்பைத் தேய்ப்பது. பளபளப்பு வருவது உண்மைதான். கூடவே எறும்பும் வரும். பழுக்காத தக்காளிப் பையில் ஒரு பழத்தைப் போட்டுக் கட்டி வைத்து, மறுநாள் தக்காளி சிவந்ததும் தானே கண்டுபிடித்த மாதிரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவது. மகள் பரீட்சை எழுதப் போன காலத்தில் அவள் பெட்டியில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பழத்தை வைத்து அனுப்பி, அது நசுங்கி, அவள் அழுதுகொண்டே வந்தது தனிக்கதை. மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போனில் பேசும்போது, "அப்பா, பழம் தின்னேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகுதான் மற்ற விஷயம் பேச முடியும்.

லாண்டரியம்மாவோ கல்யாணமான நாளிலிருந்து ஒரு பழம் தின்றதில்லை. அந்த வழவழப்பும் வாசனையும் அவளுக்குக் குமட்டும். போதாக்குறைக்கு, அவள் தொழிலுக்கே அது ஜென்ம விரோதி. எண்ணெய், மை, காப்பி எல்லாம் பட்ட உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாழைப்பழம் அப்படி இல்லை. துணியில் படும்போது ஒன்றுமே தெரியாது. துவைத்த பிறகும் தெரியாது. இஸ்திரிச் சூடு பட்டதும்தான் பழுப்பாக எழுந்து நிற்கும். எழுந்தால் அப்புறம் போகாது. அதனால் கடைக்குள் பழம் வரவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். மாடியில் அவர் சட்டம், கீழே அவள் சட்டம்.

"ஒரே ஒரு பழம் தின்னு பாரேன். உனக்கு நாள் பூரா நிக்கிற வேலை. எனக்காக" என்று தினமும் காலையில் ஒன்றை உரித்து நீட்டுவார்.

"முதல்ல அதை என் மூக்குக்குக் கிட்ட கொண்டு வராதீங்க."

"ஏம்மா, நான் சொல்லி நீ எதையாவது கேட்டிருக்கியா?"

"நீங்க வாழைப்பழத்தைத் தவிர வேற எதையாவது சொல்லியிருக்கீங்களா?"

இப்படித்தான் அவர்களுடைய காலை விடியும். வீட்டில் ஈ மொய்த்தால் வாழைப்பழத்தால். தண்ணீர்க் குழாய் அடைத்தால் தோலைப் போட்டு அடைத்திருப்பார். அவருக்குச் சளி பிடித்தால் பழத்தால், அவளுக்குத் தலை வலித்தால் பழத்தைப் பற்றிக் கேட்டதால். அவள் வாயிலிருந்து வரும் குற்றச்சாட்டு எங்கே தொடங்கினாலும் வாழைப்பழத்தில் போய் முடியும். கேட்டுக் கேட்டு அவருக்கும் காது மரத்துவிட்டது.

அப்போதுதான் அவருக்குக் கால் தளர ஆரம்பித்தது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார். நாற்காலியிலிருந்து எழ இரண்டு முறை முயற்சி செய்கிறார். கேட்டால், "பழம் குறைஞ்சு போச்சு" என்றார். கூட்டினார். மறு வாரம் இன்னும் தளர்ந்தது. இன்னும் கூட்டினார். லாண்டரியம்மா கரடியாய்க் கத்தி, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். டாக்டர் ஓர் இளம் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்கப் போகும் நேரம். லாண்டரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சலைக் கேட்க இப்போதுதான் படித்த காது ஒன்று கிடைத்திருக்கிறது.

"டாக்டரம்மா, எல்லாம் இந்த வாழைப்பழத்தால வந்த வினை. வீட்டுல நிக்க இடமில்லை. குளியலறை வரைக்கும் பழம். ஈ, எறும்பு. செருப்புக்குக் கூடப் பழத்தோல்தான் போடுறாரு. நீங்களே சொல்லுங்க, இதை நிறுத்தச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, "அம்மா சொல்றது சரிதான், ஐயா. பழத்தை நிறுத்தணும்" என்று தொடங்கினார். பழம் கெட்டது இல்லை, மற்றவர்களுக்கு அது நல்லதுதான் என்றார். அதில் பொட்டாசியம் என்ற உப்பு இருக்கிறது. வேண்டாத மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இவருடைய சிறுநீரகம் சோர்ந்து போயிருப்பதால் தள்ள முடியாமல் ரத்தத்தில் சேருகிறது. கால் தசை தளர்வதும் அதனால்தான். மேலும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று பொறுமையாக விளக்கினார். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, பஸ் முதலாளி முன்னால் நிற்பது போல மரியாதையாகத் தலையாட்டினார்.

ஆனால் அவர் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். அம்மா சொல்றது சரி. அவ்வளவுதான், மீதிக்குக் கதவை மூடிவிட்டார்.

"நல்ல பொண்ணு. பாவம், நீ சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்லுது" என்றார், வெளியே வந்ததும்.

"நான் எங்கேங்க சொல்லிக் குடுத்தேன்? காகிதத்தைப் பார்த்துச் சொன்னாங்க!"

"சரி சரி. நிறுத்திடுறேன். நீ ஜெயிச்சுட்ட."

நிறுத்தினார். அல்லது, நிறுத்தியதாகத் தெரிந்தது. கூடை போனது. ஜன்னல் கம்பி காலியானது. ஃப்ரிட்ஜில் ஐஸ்கட்டி தன் இடத்துக்குத் திரும்பியது. லாண்டரியம்மா மேசையைச் சோப்புப் போட்டுத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, மூச்சை இழுத்துவிட்டாள். ஈ இல்லாத வீட்டை அவள் மறந்தே போயிருந்தாள். சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். மகளுக்குப் போன் போட்டு, "உங்க அப்பா பழத்தைத் தலை முழுகிட்டார்டி" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கவில்லை. ஏறியிருந்தது.

"வேற ஏதாவது சாப்பிடுறாரா? பழம் நிச்சயமா நிறுத்தியாச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"என் வீட்டு வாசப்படி தாண்டி ஒரு பழம் உள்ள வரலை, டாக்டரம்மா. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிறேன்" என்றாள் லாண்டரியம்மா. டிரைவர் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் யோசித்து ஒரு மாத்திரையை மாற்றினார். சீக்கிரமே மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க வேண்டியிருக்கும், கால் இன்னும் தளர்ந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்றார்.

பழத்தைக் கரித்துக்கொட்டிய வாய்க்கு இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பழமே இல்லை, ஆனாலும் மனுஷன் தேய்ந்துகொண்டு போகிறார். அப்படியென்றால் வேறு ஏதோ பெரிதாக இருக்கிறது. கடையில் நின்றபடியே இரண்டு முறை அழுதுவிட்டு, நீராவி கண்ணில் பட்டதாகச் சொன்னாள்.

லாண்டரியம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. பேண்ட் தேய்க்கும்போது பைகளின் உள்துணியை வெளியே இழுத்து, அதையும் தேய்த்துவிட்டுத்தான் மடிப்பாள். யாரும் பார்க்கப் போவதில்லை, கூலியும் கூடக் கிடைக்காது. ஆனால் உள்ளே சுருங்கிக் கிடந்தால் வெளியே மடிப்பு நிற்காது என்பது அவள் கட்சி. அன்று வாடிக்கையாளர் துணி எல்லாம் முடிந்து, வீட்டுத் துணியை எடுத்தாள். டிரைவரின் சாம்பல் நிறப் பேண்ட். வலது பையை வெளியே இழுத்தாள். வெள்ளை உள்துணி, துவைத்துச் சுத்தமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தாள்.

பழுப்பாக ஒரு கறை எழுந்தது.

பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு இடது பையை இழுத்துத் தேய்த்தாள். அங்கேயும். அடுத்த பேண்ட்டை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். ஆறு பைக்கு ஆறும். வாசலில் நின்று தின்றுவிட்டு, தோலை வீட்டுக் குப்பையில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறார், திருட்டு மனுஷன்! டாக்டரிடம் தான் அடித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் சுவர்ப் படத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். டிரைவர் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கினார் என்றா சொல்வது? கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஒவ்வொன்றாகக் கீழே வைத்து, பாதியில் நின்றுவிட்டிருந்தார்.

"இது என்னங்க?" பையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இது என்ன? மை கொட்டுச்சா? காப்பி கொட்டுச்சா? சொல்லுங்க, நான் தொழிலை இப்பத்தான் கத்துக்கிறேன்!"

அவர் கறையைப் பார்த்தார். மெல்லப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மாகிட்ட நான் சத்தியம் பண்ணாத குறை. என்னைக் கோமாளியா நிக்க வெச்சுட்டு நீங்க படம் பார்த்தீங்க. உயிர் போற விஷயம்னு சொன்னாங்களே, காதுல விழலையா?"

"கால் போகுதும்மா" என்றார் அவர். குரல் சரியாகக் கேட்கவே இல்லை. "ரெண்டு நாளா தொடை சுத்தமாவே கேட்க மாட்டேங்குது. அன்னைக்கு பஸ்ஸுல போச்சே, அதே மாதிரி. பயமா இருக்கு. ஒண்ணு தின்னா சரியாகும்னு தின்னேன். சரியாகலை. இன்னொண்ணு தின்னேன்."

"அதனாலதாங்க போகுது! டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. உப்பு ஏறினா தசையே தளரும்னு சொன்னாங்க!"

"நீ சொல்ற."

"நான் இல்லை, டாக்டர்!"

"நீ சொல்லித்தானே அவங்க சொன்னாங்க. இத்தனை வருஷமா நீ இதைத்தானே சொல்ற. குழாய் அடைச்சா பழம். தலை வலிச்சா பழம். இப்ப கால் போனாலும் பழமா? எதைன்னு நான் நம்புறது?"

மனுஷன் சொன்னது நியாயம். ஈக்கும் எறும்புக்கும் கத்திக் கத்தித் தன் சொல்லையெல்லாம் செலவழித்துவிட்டிருந்தாள். உயிருக்காகச் சொல்ல வேண்டிய நேரத்தில் கையில் ஒன்றுமில்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை.

"நான் சொல்லி நீ ஒண்ணாவது கேட்டிருக்கியா?" என்றார் அவர். எப்போதும் போலச் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

லாண்டரியம்மா பேண்ட்டைக் கீழே போட்டாள். கையை நீட்டினாள்.

"குடுங்க."

"எதை?"

"இப்பப் பையில இருக்குல்ல, அதை. எனக்குத் தெரியும்."

அவர் தயங்கி, போட்டிருந்த பேண்ட்டின் பையிலிருந்து சின்னதாக ஒரு பழத்தை எடுத்தார். அவள் வாங்கி உரித்தாள். உரிக்கும்போதே வாசனை மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். வழவழவென்று நாக்கில் ஒட்டியது. உடம்பு சிலிர்த்தது, குமட்டலை அடக்கிக்கொண்டு விழுங்கினாள். மறுபடி கடித்தாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். காலை மறந்துவிட்டார்.

"நான் கேட்டுட்டேன்" என்றாள், கண்ணில் தண்ணீர் வழிய. "இனிமே தினம் ஒண்ணு, உங்க கையால குடுங்க, நான் தின்னுறேன். செத்தாலும் தின்னுறேன். ஆனா உங்க வாய்க்குள்ள போகக் கூடாது. நீங்க என்னைக்கு ஒண்ணு தின்னீங்களோ அன்னைக்கு நானும் விட்டுடுவேன். இப்ப எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கால் தளர்ந்தா உடனே வரச் சொன்னாங்க."

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"என்ன எப்படி இருக்கு?"

"பழம்."

"கண்றாவியா இருக்கு. எழுந்திருங்கன்னு சொல்றேன்!"

எழ முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தாங்கி வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு டாக்டரின் முகம் மாறியது. உடனே மருந்தை ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று பிறகு சொன்னார். லாண்டரியம்மா அப்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, டாக்டர் சொல்லி முடிக்கும்வரை கணவரையே கேட்கவிட்டாள். டிரைவர் இந்த முறை முழுவதையும் கேட்டார். நடுவில் சந்தேகம் கூடக் கேட்டார். உருளைக்கிழங்கிலும் அந்த உப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அதிர்ந்துபோனார்.

அளவு இறங்கியது. தொடைக்குத் தெம்பு வந்தது. வீடு திரும்பிய மறுநாள் காலையில், நீராவி மேசைக்குச் சூடு ஏற்றிவிட்டு நின்ற லாண்டரியம்மாவின் முன்னால் ஒரு கை நீண்டது. கையில் பழம், பாதி உரித்தபடி. கடைக்குள் பழம் கூடாது என்ற சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"நல்லாக் கனிஞ்சதாப் பார்த்து எடுத்தேன்" என்றார். "லேசாப் புள்ளி விழுந்திருக்கு பாரு, இப்பத்தான் ருசி சரியா இருக்கும். நாள் பூரா நிக்கிற உனக்கு இதுல இருக்கிற சத்து..."

அவள் வாங்கிக் கடித்தாள். வாய் நிறையப் பழம் இருந்ததால் குறுக்கே பேச முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக மனுஷன் வாழைப்பழத்தைப் பற்றித் தொடங்கியதை முழுவதும் சொல்லி முடித்தார். செரிமானம், தூக்கம், நரம்பு, எலும்பு, ஒன்று விடவில்லை. அவளுக்குக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. அப்படியே முகத்தில் துப்பிவிடலாமா என்று கூட இருந்தது. ஆனால் அவர் கண் அவள் வாயை விட்டு நகரவில்லை. கடைசித் துண்டைச் சிரமப்பட்டு விழுங்கினாள். அவள் விழுங்கும்போது, ஒன்றுமில்லாத அவருடைய தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.